மூலையில் நான் போட்ட எண்

என் தம்பி சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவன். பத்தொன்பது வருடமாக எந்தக் கம்பெனியிலும் சேராமல், வீட்டு முன்னறையில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தே வரைந்தான். யானை வரைந்தால் அதன் முழங்கால் சுருக்கங்களைக்கூட எண்ணிவிடலாம். அக்கா என்பதால் சொல்லவில்லை, பார்த்தவர்கள் சொன்னது.

நான் எட்டாவதோடு நின்றவள். துணிக்கடைக் கிடங்கில் சரக்குகளுக்கு எண் போடுவது என் வேலை. அந்தப் பழக்கத்தில் அவன் படங்களுக்கும், வலது கீழ் மூலையில், நீலப் பேனாவில் எண் போட்டு வைத்திருந்தேன். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு.

போன வருடம் அவனுக்கு வழக்கமாக வேலை தரும் பதிப்பகத்திலிருந்து எடிட்டர் போன் செய்தார். தம்பி குளித்துக்கொண்டிருந்தான்.

"அவரோட பழைய படத்தையெல்லாம் தொகுப்பாப் போடலாம்னு இருக்கோம்மா. ஸ்கேன் பண்ணித் தர முடியுமா?"

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகம் வந்ததும் காட்டி அவனைத் திகைக்க வைக்கலாமென்று, சொல்லாமலே, நான்கு ஞாயிற்றுக்கிழமை ஜெராக்ஸ் கடையில் நின்று, ஒன்று விடாமல் வரிசையாக ஸ்கேன் செய்து பென்டிரைவில் கொடுத்தேன்.

தொகுப்பு வரவில்லை. அவனுக்கு வேலையும் வரவில்லை. எட்டு மாதம் கழித்து அதே பதிப்பகத்திலிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே, அவன் கை வரைந்தது போலவே ஏஐ வரைந்த முப்பது படங்கள். கூடவே கடிதம்: தப்பாக வந்திருக்கும் பிள்ளைகளின் விரல்களை மட்டும் சரிசெய்து கையெழுத்துப் போட்டால் போதும், அவன் பெயரிலேயே வெளியிடுவோம், இனி வேலை இப்படித்தான்.

தம்பி ஒரு படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

"அக்கா, இங்க வா. இது உன் ஏழுதானே?"

மூலையில் நீலமாக ஒரு கிறுக்கல். எண் போல இருந்தது, எண் இல்லை. ஆனால் ஏழுக்குப் போடுவதுபோல் நடுவே குறுக்குக்கோடு. நான் போடும் கோடு. முப்பது படத்திலும் அப்படியொரு நீலக் கிறுக்கல்.

ஸ்கேன் செய்து கொடுத்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"நாலு ஞாயித்துக்கிழமையா நின்னே? கால் வலிச்சிருக்குமே."

"என்னைத் திட்டித் தொலைடா."

"எட்டாவதோட நின்னுட்டேன்னு அழுவியே. இப்பப் பாரு, மெஷினே உன்கிட்டப் படிச்சிருக்கு."

சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"கையெழுத்துப் போட்டுடுடா," என்று கெஞ்சினேன். "வேலையே நின்னு போச்சு. உன் பேராவது இருக்கும்."

"பேர்தான்க்கா மிச்சம். அதைப் பாத்துட்டு, நான் உக்காந்து வரைஞ்சேன்னு புள்ளைங்க நம்பும். நான் வரையவே இல்லியே."

அவன் சொல்லச் சொல்ல, மறுப்புக் கடிதத்தை நான் எழுதினேன். தேதியில் ஏழு வந்தது, கோடு போடவில்லை. மூன்று முறை படித்துச் சரிபார்த்துக் கொடுத்தேன். கீழே கையெழுத்துப் போட்டான்.

புத்தகம் அவன் பெயரில்லாமல் வெளிவந்தது. விரல்களை யாரோ சரிசெய்திருந்தார்கள். மூலைக் கிறுக்கல்களையும் அழித்திருந்தார்கள்.

மேசையில் வெள்ளைத்தாள் ஒரு கோடும் விழாமல் விரித்தபடியே இருக்கிறது. தினமும் அதை எடுத்து, மேசையைத் துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைக்கிறேன். அந்தக் கடிதத்துக்குப் பிறகு அவன் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.