காவலாளி பேசிய நாற்பது நிமிடம்

ஆவணப்படம் எடுப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவர்களிடம்தான் எடிட்டராக வேலை பார்க்கிறேன் என்பது வேறு விஷயம். நூறு மணி நேரத்தை எடுத்து வந்து மேஜையில் கொட்டிவிட்டு, "இதுக்குள்ள ஒரு மணி நேரப் படம் இருக்கு, கண்டுபிடிங்க" என்பார்கள். அவர்களிலேயே என் உயிரை அதிகம் வாங்கியவர் எங்கள் டைரக்டரம்மா.

பிழைப்புக்கு அவர் எடுப்பது கல்யாண வீடியோ. மிச்ச நாளெல்லாம் ஒரே படம், ஏழு வருஷமாக அதே படம். "ஏம்மா, உன் படத்துல யாரு ஹீரோ?" என்று மாமியார் விடாமல் கேட்பார். "செத்துப்போன ஏழு பொண்ணுங்க, அத்தை" என்பார் இவர். அன்றைய பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஒரு தையல் கம்பெனியில் தீப்பிடித்தபோது பின்கதவு பூட்டிக் கிடந்தது. அந்தக் கதவருகேதான் ஏழு பேரும் கிடந்தார்கள். காவலாளி தன்னிஷ்டத்துக்குப் பூட்டிவிட்டார் என்று கம்பெனி கைகழுவியது. பூட்டச் சொன்னது யார் என்று காவலாளி வாயே திறக்கவில்லை. அது தெரியாமல் படம் இல்லை; அதைக் கண்டுபிடித்துச் சொல்வதாக ஏழு பெண்களின் அம்மாக்களிடமும் டைரக்டரம்மா வாக்குக் கொடுத்திருந்தார். மாதம் ஒருமுறை காவலாளி வீட்டுப் படியேறுவார். காவலாளி தண்ணீர் கொடுப்பார், மழையைப் பற்றிப் பேசுவார், அனுப்பிவிடுவார்.

ஏழாவது வருஷம் காவலாளிக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, மகளின் போனிலிருந்து அவரே கூப்பிட்டார்.

"குரல் இருக்கும்போதே சொல்லிடறேம்மா. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இப்ப விட்டா அவ்வளவுதான்."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நாற்பது நிமிடம் பேசினார். "துணி திருட்டுப் போகுது, கதவைப் பூட்டிட்டு சாவியை எங்கிட்ட கொண்டா" என்று மேனேஜர் சொன்னதைச் சொன்னார். புகை வந்ததும் சாவிக்கு ஓடியதையும், மேனேஜர் அறை காலியாக இருந்ததையும் சொன்னார். டைரக்டரம்மா அழுதுகொண்டே கேட்டிருக்கிறார். ஒருவர் மனம்விட்டுப் பேசினால் இவர் அவருடைய முகத்தைத்தான் பார்ப்பார், கேமராவைப் பார்க்க மாட்டார். அங்கேதான் வினை பிடித்தது.

மறுநாள் காலையில் மெமரி கார்டைக் கணினியில் போட்டேன். சட்டையில் மைக் மாட்டும் கை தெரிந்தது. நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. அடுத்த காட்சி கேமராப் பையின் உள்பக்கம், ஒரே இருட்டு. நடுவில் ஒன்றுமே இல்லை.

அந்தக் கேமராவில் ஆரம்பிக்கவும் நிறுத்தவும் ஒரே பட்டன். மைக் மாட்டும்போதே கை பட்டு ஓட ஆரம்பித்திருக்கிறது. ஆரம்பிக்கிறோம் என்று இவர் அமுக்கியபோது நின்றுவிட்டது. முடிந்தது என்று அமுக்கியபோது மறுபடி ஓடியிருக்கிறது. எங்கள் தொழிலில் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்புதான். மற்றவர்கள் மரத்தையோ வானத்தையோ எடுக்கும்போது செய்வார்கள்.

"இன்னொரு தடவை போடு தம்பி" என்றார் டைரக்டரம்மா. போட்டேன். நான்கு தடவை போட்டேன். ஐந்தாவது தடவை கேட்டபோது கத்திவிட்டேன்.

பத்து மணிக்கு ஆபரேஷன். கேமராவைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். காவலாளி ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார். மகள் பக்கத்தில் நின்றாள்.

"ஏழு வருஷத்துல நேத்துதான்க்கா அப்பா அசந்து தூங்கினாரு" என்றாள்.

காவலாளி தலையைத் திருப்பினார். "எல்லாம் நல்லா வந்துச்சாம்மா?"

டைரக்டரம்மா பையின் ஜிப்பில் கை வைத்தார். கையை எடுத்துவிட்டார். "நல்லா வந்துச்சுங்க ஐயா."

வராந்தாவில் டைரக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "பத்து நிமிஷம் இருக்கேக்கா! பேரை மட்டுமாவது கேமரா முன்னாடி சொல்லச் சொல்லுங்க. அந்த அம்மாக்களுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?"

"பொண்ணுகிட்ட பேசிட்டிருக்காருப்பா. கடைசியா பேசறாரு. அதுல போய் எதைக் கேக்கச் சொல்ற?"

எனக்குக் கோபம் போகவில்லை.

பிறகு இரண்டு மாதம் அவர் கேமராவைத் தொடவில்லை, கல்யாணங்களையும் விட்டுவிட்டார். என் அறைக்கு வந்து காலியான திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "நானே உக்காந்து சொல்லிடறேனே. நான்தான் கேட்டேனே" என்றார் ஒருநாள். "நீங்க சொன்னா அது உங்க கதைக்கா. பொய்யின்னு ஒரே வார்த்தையில ஊதித் தள்ளிடுவாங்க" என்றேன். கொஞ்சம் ஈரமாகச் சொல்லியிருக்கலாம்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மதியம் காவலாளி வந்து நின்றார். கழுத்தில் துணி சுற்றியிருந்தது. கூடவே மகள்.

"தன் குரலை ஒரு தடவை கேக்கணும்னு அப்பாவுக்கு ஆசை" என்றாள்.

டைரக்டரம்மா அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பட்டனைச் சொன்னார், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யையும் சொன்னார். அவமானத்தில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவலாளி டைரக்டரம்மாவின் தோளைத் தட்டி, கேமராவைக் காட்டி, எடு என்று கையசைத்தார்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்தார். சத்தம் இல்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. அந்த இரண்டு மாதத்தில் மகள் அப்பாவின் உதட்டைப் படிக்கப் பழகியிருந்தாள். பக்கத்தில் நின்று அவர் சொல்லச் சொல்ல அவளும் சொன்னாள். கேமரா ஓடுகிறதா என்று நான் மூன்று தடவை பார்த்தேன்.

"சாயங்காலம் நாலு மணி இருக்கும். கேட்ல நின்னுட்டிருந்தேன். உள்ள வரச்சொல்லி ஆள் வந்துச்சு. போனேன். கதவைப் பூட்டுன்னு சொன்னாங்க."

"யாருங்க ஐயா சொன்னது?" என்றார் டைரக்டரம்மா.

உதடு அசைந்தது. மகள் பேசவில்லை. அவர் மறுபடி சொன்னார், குழந்தைக்குச் சொல்லித்தருவதுபோல மெதுவாக.

"புரியலக்கா" என்றாள் மகள். அதுவரை ஒரு சொல் விடாமல் சொன்னவள்.

காவலாளி அவள் கையைப் பிடித்து உலுக்கினார். அவள் அழ ஆரம்பித்தாள்.

"போன மாசத்துலேர்ந்து நானும் அதே கம்பெனிலதான் தைக்கப் போறேன்க்கா. அப்பா மருந்துக்கு வேற வழியில்ல. இன்னமும் அதே ஆளுதான் மேனேஜர். என் வாயால அந்தப் பேர் வேணாம்க்கா. நிறுத்திடுங்க."

டைரக்டரம்மா என்னைப் பார்த்தார். அவர் கேமராவை நிறுத்தினார்.

காவலாளி நிறுத்தவில்லை. எங்கள் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, அந்தப் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.