இரண்டாம் பாகம், ஐந்தாவது எபிசோட்

அப்பாவுக்குப் பார்வை மங்கிய பிறகுதான் நாங்கள் இருவரும் சேர்ந்து அனிமே பார்க்கத் தொடங்கினோம். தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கங்காணியாக இருந்த மனிதர் ஜப்பான்காரனின் கார்ட்டூன் பார்ப்பாரா என்று கேட்பவர்கள் உண்டு. அவர் பார்க்கவில்லை, கேட்டார். இனிப்பு நீர் வியாதி அவர் கண்களைத் தின்றிருந்தது. வெளிச்சமும் நிழலும் தெரியும், முகம் தெரியாது. கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டோடு கிடந்த மாதங்களில், அம்மாவும் இறந்துபோயிருந்த, தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான அந்த லயத்து வீட்டில், நான் போனில் ஓடும் ஆங்கில சப்டைட்டிலைத் தமிழில் வாசிப்பேன். அவர் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

நான் எத்தனையோ படங்களைப் போட்டுப் பார்த்தேன். அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். கடல் ஏறிவந்து பாதி உலகத்தை விழுங்கிய பிறகு, சுவர் கட்டிக்கொண்டு வாழும் ஒரு நகரத்தின் கதை. அங்கே நீதிமன்றம் கிடையாது. குற்றம் நடந்த இடத்துக்கு விசாரணை அதிகாரி போவார், பார்ப்பார், அறிக்கை எழுதுவார். அவர் எழுதியதுதான் தீர்ப்பு. அன்றைக்கே குற்றவாளியைச் சுவருக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

அந்தக் கதையில் இரண்டு அதிகாரிகள். ஒருவர் கால் தாங்கி நடக்கும் வயதானவர். ஒரு பொய்கூட எழுதாதவர் என்று நகரமே அவரைக் கும்பிடும். இன்னொருத்தி புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். எதற்கெடுத்தாலும் கை நடுங்கும், அறிக்கை எழுதிவிட்டு அழுவாள். ஜப்பானியப் பெயர்கள் அப்பாவின் வாயில் நுழையவில்லை. அவரைப் பெரியவர் என்றார், இவளைச் சின்னப் பொண்ணு என்றார்.

"பெரியவரு மாதிரி ஆளு இருந்தா போதும்லா, ஊரு உருப்பட்டுரும்" என்று முதல் பாகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி எபிசோடில் பெரியவர் தன் இடத்தைச் சின்னப் பொண்ணுக்குக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றபோது, அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாம் பாகம் வருவதற்கு மூன்று வருடங்களுக்கு மேல் ஆனது. அது வருவதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் எனக்கு அந்தத் தாள் கிடைத்தது.

நான் தோட்டத்து ஆபீசில் கிராணி, அதாவது எழுத்தர். பழைய கோப்புகளையெல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றும்படி தோட்ட மேனேஜராகப் புதிதாக வந்த துரை சொல்லியிருந்தார். செல்லரித்த ஒரு விபத்துக் கோப்பில், மலாய் மொழியில் தட்டச்சு செய்த வாக்குமூலம் ஒன்று இருந்தது. தேயிலைக் கொழுந்து மூட்டை ஏற்றிய டிராக்டர் வளைவில் உருண்டு ஒருவர் இறந்துபோனார், அவர் குடித்திருந்தார், ஏறக்கூடாது என்று சொல்லியும் கேளாமல் ஏறினார் என்று அதில் இருந்தது. அடியில் அப்பாவின் கையெழுத்து. கோணலாக, மூன்று எழுத்து. எனக்கு அதை நன்றாகத் தெரியும். என் பள்ளி ரிப்போர்ட் கார்டுகளில் எல்லாம் அது இருக்கிறது.

அந்த விபத்து நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. இறந்தவர் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். அந்த வருடம் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக இருந்தார். மஞ்சள் வேட்டி கட்டி, தாடி வளர்த்து, ஒரு வேளை சாப்பாட்டோடு விரதம் இருந்தார். அவருக்குத் துணையாக அப்பாவும் விரதம் இருந்தார். இருவரும் விடியற்காலையில் குழாயடியில் குளிர்ந்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளும் சத்தத்தில்தான் நான் எழுந்திருப்பேன். காவடிக்கு மூன்று நாள் இருக்கும்போது அவர் இறந்தார். அவர் குடித்திருக்க வழியே இல்லை. அது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அப்பாவுக்குத் தெரியும்.

அவர் சாவுக்கு முதலாளி தரப்பில் பொறுப்பில்லை என்று முடிந்தது. ஒரு மாதத்துக்குள் அவர் மனைவி கைக்குழந்தையோடு வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார். குடிச்சிட்டு விழுந்தவன் பெண்டாட்டி என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். விரதமும் குடியும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்று ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் யாரிடம் கேட்டிருப்பேன்?

தாளை ஸ்கேன் செய்தேன். கோப்பை மூடினேன். வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் சப்பாத்தி போட்டுக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் பாகம் சனிக்கிழமைதோறும் ஓர் எபிசோடாக வந்தது. எனக்குச் சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் சாப்பிட்டதும், தகரத்தில் மழை விழும் சத்தத்தில், போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவோம்.

அப்பாவுக்குத் தொடக்கத்திலிருந்தே திருப்தி இல்லை. சின்னப் பொண்ணு இப்போது தலைமை அதிகாரி. அழுவதில்லை. கை நடுங்குவதில்லை. ஒரு தாயைப் பிள்ளையின் கண்முன்னே சுவருக்கு வெளியே அனுப்பிவிட்டுச் சோறு சாப்பிட உட்காருகிறாள்.

"இவளப் போய் இப்பிடி ஆக்கிட்டானுங்களே" என்றார். "மனுசி ஒரேயடியா இப்பிடி மாறுவாளா?"

"மூனு வருசம் ஆச்சுப்பா கதையில."

"மூனு வருசத்துல மனசு கல்லாயிருமா?"

ஆகும் என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன். அந்த வாரங்களில் என் குரலே மாறியிருந்தது. வாசிக்கும்போது எனக்கே கேட்டது. முன்பெல்லாம் பெரியவர் பேசினால் ஒரு மாதிரி, சின்னப் பொண்ணு பேசினால் ஒரு மாதிரி என்று குரல் மாற்றி வாசிப்பேன். இப்போது எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசித்தேன். அப்பா ஒருமுறை, "ஒடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார்.

ஐந்தாவது எபிசோடில் சின்னப் பொண்ணு பழைய அறிக்கைகள் இருக்கும் நிலவறைக்குப் போகிறாள். பெரியவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த முதல் வழக்கை எடுக்கிறாள். பாலம் இடிந்து பதினோரு பேர் செத்த வழக்கு. அதற்காக ஒரு கொத்தனாரை வெளியே தள்ளியிருந்தார்கள். அவள் தேதியைப் பார்க்கிறாள், நேரத்தைப் பார்க்கிறாள். பெரியவர் அந்தப் பாலத்துக்குப் போகவே இல்லை. மேலே இருந்தவர்கள் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவள் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்கிறாள். அவர் மறுக்கவில்லை.

திரையில் அவருடைய பதில் வந்தது. நான் வாசிக்கவில்லை. அப்பாவுக்கு ஜப்பானியமும் தெரியாது, திரையில் ஓடும் எழுத்தும் கண்ணுக்குத் தெரியாது. நான் என்ன சொல்கிறேனோ அதுதான் அவருக்குக் கதை. பெரியவர் குற்றமற்றவர், யாரோ சதி செய்துவிட்டார்கள் என்று நான் சொன்னாலும் அவர் நம்பியிருப்பார். சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"என்ன சொல்றாரு?" என்றார் அப்பா.

போனை நிறுத்திவிட்டு வாசித்தேன். "ஆமா, நான் போகல. அந்தக் கொத்தனார எனக்கு நல்லாத் தெரியும். அவன் செய்யலன்னும் தெரியும்."

"திருப்பிப் படி."

திருப்பிப் படித்தேன்.

அவர் சுவரிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "கத எழுதுனவன் ஏமாத்திட்டான்" என்றார். "மொதப் பாகத்துல அவ்ளோ நல்லவரா காட்டிட்டு, இப்ப திடீர்னு கெட்டவனா மாத்துறது என்ன ஞாயம்?"

"மாத்தலப்பா. அவரு மொதல்லருந்தே அப்பிடித்தான். நமக்குத்தான் காட்டல."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒன்றரை மாதமாக நான் சொல்லாமல் வைத்திருந்தது அன்றைக்கு வெளியே வந்துவிட்டது.

"டிராக்டரு விழுந்த கோப்ப ஆபீஸ்ல பாத்தேன்ப்பா. உங்க கையெழுத்து இருக்கு."

முகத்தை என் பக்கம் திருப்பினார். என்னைத் தெரிந்திருக்காது. நிழலாகத்தான் தெரிந்திருப்பேன். அவர் அழுவார், கோபப்படுவார், அல்லது அந்தக் காலத்தில் வேறு வழியில்லை என்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் வேட்டி முனையைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"பிரேக்கு சரியில்லன்னு ரெண்டு நாளைக்கு முன்னால நான்தான் பட்டறையில சொன்னேன்" என்றார் கடைசியில். "அன்னைக்குக் கொழுந்து நெறைய. எடுத்துட்டுப் போன்னு மேல சொன்னாங்க. நான்தான் அவன மூட்ட மேல ஏறி உக்காரச் சொன்னேன், மூட்டயக் கட்டுன கவுறு அறுந்துரும், புடிச்சிக்கன்னு. அவன் ஏறமாட்டேன்னு சொல்லலம்மா. நான் சொன்னா ஏறுவான்."

"அப்ப இருந்த துரை மிரட்டினாராப்பா?"

"இல்ல. மிரட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். உக்காரச் சொன்னாரு, கோப்பி குடுத்தாரு. உனக்கு எத்தன பிள்ளன்னு கேட்டாரு. ஒரு பொண்ணுன்னு சொன்னேன். நல்லாப் படிக்குதான்னு கேட்டாரு. அவ்ளோதான். அப்புறம் தாள நீட்டுனாரு."

அந்த ஒரு பொண்ணு நான்தான். எழுந்து போய் அடுப்படியில் நின்றேன். அழுகை வரவில்லை. வெளியே பனி இறங்கி எதிர் மலையை மறைத்திருந்தது.

மறுநாள் காலை அப்பாவே குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அவன் பொண்டாட்டி எங்க இருக்குன்னு தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியும். இறந்தவரின் மனைவி பக்கத்து ஊரான திரிங்காப்பில் ஒரு பூத்தோட்டத்தில் வேலை செய்வதை, பிரிஞ்சாங் சந்தைக்குப் போகும்போது இரண்டொரு முறை பார்த்திருக்கிறேன். பார்த்தும் பேசாமல் வந்திருக்கிறேன்.

காரில் போனோம். அந்த அம்மா பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே நின்று செவ்வந்திகளைக் கட்டுக் கட்டாகத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. அப்பாவை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"கண்ணு போயிருச்சாண்ணே?" என்றார்.

"போயிருச்சு தங்கச்சி." அப்பா நின்றபடியே சொன்னார். "அன்னைக்கு அவன் குடிக்கல. நான் பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்."

அந்த அம்மாவின் கை நிற்கவில்லை. இன்னொரு கட்டைச் சுற்றி, ரப்பர் போட்டு, வாளியில் வைத்தார்.

"தெரியும்ணே. எம் புருசன் வாயில என்ன வாடன்னு எனக்குத் தெரியாதா? நீங்க வந்து சொல்லுவீங்கன்னு அந்த ஒரு மாசமும் கதவத் தொறந்து வச்சிருந்தேன். நீங்க வரல." அடுத்த கட்டைக் கையில் எடுத்து, "இப்ப என்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது?" என்றார்.

 

அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "எம் மக ஜொகூர்ல இருக்கா. அப்பன் குடிச்சிட்டுச் செத்தான்னு பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க சொல்லிச் சொல்லி, அவளும் அதத்தான் நம்புறா. நான் சொன்னா, புருசன விட்டுக்குடுக்க மாட்டேங்கிறேன்னு நெனைக்கிறா. அவகிட்டச் சொல்லுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் கையில் வைத்தார். அப்பா தான் யார் என்று சொன்னார், நடந்ததைச் சொன்னார். பிரேக்கு, மூட்டை, தாள், எதையும் விடவில்லை. முடிந்ததும் அந்தப் பெண் கேட்டாள்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?"

"தண்ணி கேட்டான்ம்மா. நான் கொண்டாரதுக்குள்ள போயிட்டான்."

போன் அணைந்தது. அவள் அம்மா அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு மறுபடி பூக்களிடம் திரும்பினார். எங்களைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

வீட்டுக்கு வந்து அப்பா சொல்லச் சொல்ல எழுதி, அதில் அவரைக் கையெழுத்துப் போட வைத்தேன். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. ஆபீசில் துரையிடம் கொடுத்தேன். என் வயதுதான் அவருக்கும். படித்துவிட்டு, முடிந்துபோன விஷயம், இனி செய்வதற்கு எதுவும் இல்லை என்றார். கோப்பில் சேர்க்க அனுமதி கேட்டேன். தோளைக் குலுக்கினார். பழைய தாளுக்குப் பின்னால் அதை வைத்து, அதையும் ஸ்கேன் செய்தேன்.

அடுத்த சனிக்கிழமை போனை எடுப்பதா வேண்டாமா என்று யோசித்தேன். அப்பாதான், "போடு" என்றார். மிச்சமிருந்த எல்லா எபிசோடையும் கேட்டார். முடிவில் சின்னப் பொண்ணு தன் ஆசானைப் பற்றிய அறிக்கையைத் தானே எழுதுகிறாள். பெரியவர் கால் தாங்கித் தாங்கிச் சுவரின் வாசலைக் கடக்கிறார். கொத்தனாரின் வீட்டார் யாரும் பார்க்க வரவில்லை. அந்தக் குடும்பமே எப்போதோ சிதறிப்போயிருந்தது.

"அவள மட்டும் கல்லாக்காம இருந்திருக்கலாம்" என்றார் அப்பா.

அடுத்து வந்த நீண்ட விடுமுறையில் அந்தப் பெண் தன் அம்மாவோடு வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை, தேத்தண்ணியும் வேண்டாம் என்றாள். தன் அப்பா இறந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் அப்பாவின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். தேயிலைக்கு நடுவே போகும் அந்தச் சாலையை இடையில் அகலப்படுத்தியிருந்தார்கள். மேட்டை வெட்டி, வளைவுகளை நேராக்கி, தார் போட்டிருந்தார்கள்.

"எந்த எடம்?" என்று கேட்டாள்.

அப்பா நின்று பாதத்தால் தரையைத் தடவினார். என்னிடம், இங்கே ஒரு சவுக்கு மரம் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். ஓடை கேட்கிறதா என்று காதைச் சாய்த்தார். கேட்கவில்லை. அந்தப் பெண் குடையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் ஜொகூரிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறாள். ஏதாவது ஓர் இடத்தைக் கையால் காட்டினால் போதும், அவள் அதை வைத்துக்கொண்டு போயிருப்பாள். நானே அவர் காதில், "இங்கதான்னு சொல்லிருங்கப்பா" என்றேன்.

அவர் என் கையை விட்டார்.

"தெரியலம்மா" என்று அந்தப் பெண் நின்ற பக்கம் பார்த்துச் சொன்னார். "எல்லாம் மாறிப்போச்சு. தெரியாத எடத்த நான் காட்ட மாட்டேன்."

அவள் சாலையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாக நடந்து போனாள், பிறகு திரும்பி நடந்து வந்தாள். அவள் அம்மா ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருவரும் பஸ் பிடிக்கத் தானா ராத்தா டவுன் பக்கம் இறங்கிப் போனார்கள். நான் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு, வேண்டாம் என்று அந்த அம்மாதான் கையை அசைத்தார்.