பொடுதலைப் பாதை

என் அக்கா வேலை பார்க்கும் செடி நர்சரியில் அவளுக்கு 'மிதி அக்கா' என்று பெயர். தோட்டத்துப் பாதையில் நடுவதற்குத் தரையோடு படரும் செடி கேட்டு யார் வந்தாலும், நாற்றுத் தட்டைக் கீழே வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அதன்மேல் ஏறி நின்று காட்டுவாள். டேபிள் ரோஸ் நசுங்கும். வல்லாரை வழுக்கும். மிதிபட்டாலும் மறுபடி எழுந்துகொள்வது பொடுதலை. யாராவது பூ அழகைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கேட்டதைக் கொடுத்து அனுப்பிவிட்டுப் போக வேண்டியதுதானே என்பேன் நான். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அத்தானுக்குப் பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டது. தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டு வாசலிலிருந்து கேட் வரை கிடந்த சரளைக்கல்லை அக்கா ஒற்றை ஆளாக அள்ளி வெளியே கொட்டிவிட்டுப் பொடுதலை நட்டாள். தடுமாறி விழுந்தாலும் பெரிதாக அடிபடாது. அதன் பூவுக்குத் தேனீ வரும். வலது காலில் கொட்டினால் அவருக்கு உறைக்கவும் உறைக்காது. அதனால் காலையில் குந்தி உட்கார்ந்து பூவையெல்லாம் கிள்ளிவிடுவாள். அத்தானுக்கு வாய் மட்டும் குறையவே இல்லை. "உங்க அக்கா எனக்குப் பச்சைக் கம்பளம் விரிச்சிருக்கா, பார்த்தியா" என்பார் என்னிடம். அவர் காலை இழுத்து இழுத்து நடந்ததில் பொடுதலையே தோற்றுப்போனது. பாதை நெடுக ஒரு கை அகலத்துக்கு மண் கோடு விழுந்தது.

ஒருநாள் காலையில் அத்தான் எழுந்திருக்கவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். அக்கா அழவில்லை. இவளுக்கு என்ன கல்நெஞ்சு என்று ஒரு உறவுக்காரி என் காதுபடச் சொன்னாள். நான் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். அக்கா மரத்துப் போயிருந்தாள், அவ்வளவுதான். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள். கொஞ்ச நாளில் வேலைக்கும் போய்விட்டாள்.

மிதிக்க ஆளில்லாமல் பொடுதலை இரண்டு பக்கமிருந்தும் மண் கோட்டுக்குள் கொடி நீட்டியது. சீக்கிரம் மூடிக்கொள்ளும் என்றுதானே அதைத் தேர்ந்தெடுத்தாள். இப்போது சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து, உள்ளே நுழையும் நுனிகளை வெட்டத் தொடங்கினாள். எதற்கு இது என்று கேட்டேன்.

"அவர் நடந்த தடம் இது ஒண்ணுதான் இருக்கு. போட்டோவப் பார்த்தா எனக்கு ஒண்ணுமே தோணல."

"இதப் பார்த்தா தோணுதா?"

"இதப் பார்த்தாலும் தோணல. ஆனா இருக்கட்டும்."

நர்சரி முதலாளி தங்கமான மனிதர். அத்தான் போனபோது வெளியூரில் மாட்டிக்கொண்டவர், திரும்பியதும் ஒரு விடுமுறை நாளில் துக்கம் விசாரிக்க வந்தார். நானும் அக்காவும் கடைக்குப் போயிருந்தோம். காத்திருந்தவர் கண்ணில் அந்தச் சொட்டைத் தரை பட்டுவிட்டது. செடிக்காரர் கை சும்மா இருக்குமா? வண்டியில் நாற்றுத் தட்டுகள் வேறு இருந்திருக்கின்றன. நாங்கள் வந்தபோது கையெல்லாம் மண்ணாக, கேட் பக்கம் கடைசி நாற்றை அழுத்திக்கொண்டிருந்தார். கோடு முழுக்கப் பொடுதலை.

"பார்க்கவே மனசு கேக்கலக்கா, நிரப்பிட்டேன்" என்றார். "வேர் பிடிக்கிற வரைக்கும் யாரும் மிதிக்காம பார்த்துக்குங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"மிதிக்க யாரும் இல்லைங்க" என்றாள். அவர் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். நன்றாக நட்டிருக்கிறீர்கள் என்றும் சொன்னாள்.

அவர் வண்டி தெருமுனை திரும்பியதும், எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிடுகிறேன் என்று குனிந்தேன்.

"விடு. அது என்ன பண்ணுச்சு" என்றாள் அக்கா.

பூவாளியில் தண்ணீர் பிடித்து வந்து, வாசலிலிருந்து நாற்று நாற்றாக நனைத்துக்கொண்டே போனாள். பாதிப் பாதையில் நின்றாள்.

"இங்க வந்ததும் மூச்சு வாங்கும் அவருக்கு. கொஞ்சம் நிப்பார்" என்றாள்.

கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அந்த இடத்துக்கும் தண்ணீர் ஊற்றினாள்.