சந்தனமாரியின் வயிற்றுவலி

சாயங்கால ஜெபத்துக்கு மணி அடித்ததும் சந்தனமாரிக்கு வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். மற்ற பிள்ளைகள் கோயிலுக்குள் முட்டிபோட்ட பிறகு கிணற்றடிக்கு ஓடுவாள். துணியைக் கசக்கி, கொடியில் பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல வந்து பாயில் சுருண்டுகொள்வாள். படிப்பது எட்டாம் வகுப்பு. அழுத்தமோ ஏழு ஊருக்குக் காணும்.

"ஏட்டி, போன மாசமும் இப்படித்தான மூணு நாளு படுத்த? என்ன வலி இது?" என்று விடுதி சிஸ்டர் கேட்டார்.

"கோதுமை உப்புமா சேரல சிஸ்டர்."

மூன்று வருஷமாகச் சேர்ந்த உப்புமாதான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்திலேயே அவள் ஆளாகிவிட்டாள். சொன்னால் சிஸ்டர் அன்றைக்கே விளாத்திகுளம் பக்கம் ஆளனுப்பி, அம்மா சங்கரம்மாளைக் கோவில்பட்டிக்கு வரவழைத்துவிடுவார். தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிக் குச்சில் கட்டி, பிள்ளையை அதில் உட்காரவைக்க வேண்டும். மாமன் வெயிலுமுத்துவோ பட்டாளத்தில், கார்கில் மலையில் கிடக்கிறான். அவன் இல்லாவிட்டால் என்ன, முறைக்கு எவனையாவது பிடித்துக் கட்டச் சொல்லிவிடுவாள் அம்மா. அப்பன் செத்தபிறகு ஆட்டுக்குப் பின்னால் அலைந்த பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து இந்தப் பள்ளியில் சேர்த்தவன் மாமன். இன்னொருவன் கட்டுகிற குச்சிலில் உட்கார அவளுக்கு மனசில்லை.

வாரம் ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதுவாள். சிஸ்டர் படித்துப் பார்த்துத்தான் தபாலில் போடுவார். அதில் போய் இதை எழுத முடியுமா? 'எப்ப லீவு மாமா?' என்பதோடு சரி. ஒரே ஒரு பதில் வந்தது: 'ஆடியில வாரேன். நல்லாப் படி.'

ஆபீஸ் வராந்தா பெருக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். காலையில் அங்கே ரேடியோவில் செய்தி ஓடும். இத்தனை வீரர்கள் பலி என்பார்கள், பெயர் வராது. பெயர் வராததே அவளுக்குத் தெம்பாக இருந்தது.

ஆடி பிறந்து மூன்றாம் நாள், சிஸ்டர் அவளை வகுப்பிலிருந்து கூப்பிட்டுத் தோளோடு அணைத்துக்கொண்டார். "மாமாவ நாளைக்கு ஊருக்குக் கொண்டு வாறாவளாம், மாரி."

பஸ்ஸில் அவளுக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. வயிற்றுவலிக்கு அன்று இரண்டாம் நாள். சடங்கு கழியாத பிள்ளை, சாவு விழுந்த துஷ்டி வீட்டு வாசலையே மிதிக்கக்கூடாது. வாயைத் திறந்தால் அம்மாவே தெருமுனையில் நிறுத்திவிடுவாள். மாமனைக் கடைசியாகப் பார்க்கவும் முடியாமல் போய்விடும். பாவி மகள், விளாத்திகுளம் வரைக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் ஊரே கூடியிருந்தது. கொடி போர்த்திய பெட்டியைத் திறக்கக்கூடாது என்றார்கள். சங்கரம்மாள் அதன்மேல் விழுந்து கதறிக்கொண்டிருந்தாள். சந்தனமாரி பக்கத்தில் நின்ற பட்டாளத்துக்காரரிடம் போனாள்.

"அண்ணாச்சி, கால் எந்தப் பக்கம் இருக்கு?"

அவர் காட்டினார்.

சடங்கு முடிந்து குச்சிலைவிட்டு வெளியே வருகிற பெண் முதலில் விழுவது தாய்மாமன் காலில். சந்தனமாரி அந்தப் பக்கம் போய் மண்டியிட்டு, கரிசல் மண்ணில் நெற்றி படக் குனிந்தாள். சங்கரம்மாளின் அழுகை நின்றது. நிமிர்ந்து மகளையே பார்த்தாள். பிறகு, பிள்ளை விழுந்து கும்பிடத் தோதாக, ஒதுங்கி இடம் விட்டாள்.