இரண்டு கிளினிக்குகளும் ஒரு தெரியாத குரலும்

2007ஆம் ஆண்டு, மார்ச் மாதம். ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் பகுதியில் குடியிருந்தோம். அதற்கு முந்திய குளிர்காலத்தில், பஸ் தரிப்பிடத்துப் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். எலும்பு ஒழுங்காகப் பொருந்திவிட்டது, வலிதான் போகவில்லை. சட்டைக்கை உரசினாலே தணல் பட்டதுபோல எரியும். வயோதிபர் இல்லச் சமையலறையில் வேலை செய்த எனக்கு ஒரு கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. நித்திரை போனது, பிறகு சிரிப்பும் போனது. பத்து வயது மகளுக்குத் தலை பின்னிவிடப் போனால், "வேண்டாம் அம்மா, நானே பின்னுறன்" என்று விலகிவிடுவாள். கை வலியைவிட அதுதான் என்னை அதிகம் நோகடித்தது.

அப்போதுதான் கெற்றமின் என்ற பெயர் காதில் விழுந்தது. மயக்க மருந்துதான். சிறிய அளவில் இரத்த நாளம் வழியாக ஏற்றினால் இந்த மாதிரி வலி சிலருக்குக் குறைகிறதாம். மனச்சோர்வுக்கும் உதவுமா என்று ஆராய்கிறார்களாம். குதிரைக்கும் இதைத்தான் கொடுக்கிறார்கள் என்று மகள் கணினியில் வாசித்துச் சொன்னாள். எனக்குப் பயம் வரவில்லை. எதையும் துருவிக் கேட்கும் குணம் எனக்கு. 'விடுப்புக்காரி' என்று வீட்டில் பட்டமே உண்டு. மருந்து ஏறும்போது ஆள் எங்கே போகிறாள்? வலி அந்த நேரம் எங்கே காத்து நிற்கிறது? ஒரு கொப்பியில் இடது கையால் கோணல்மாணலாகப் பதினேழு கேள்விகள் எழுதினேன்.

முதலில் போனது நகர மத்தியில் இருந்த ஒரு தனியார் கிளினிக். மெத்தென்ற கதிரை, நல்ல கோப்பி. என் பதினேழு கேள்விகளுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்கள். என்னிடம் அவர்கள் கேட்டதோ உடல் நிறையையும் ஒவ்வாமையையும் மட்டும்தான். அடுத்த வியாழக்கிழமையே தொடங்கலாம் என்றார்கள். என் கணவருக்கு மிகவும் பிடித்துப்போனது.

அந்தக் கிழமையே, மாதக்கணக்காகக் காத்திருந்த அரசாங்க வைத்தியசாலையின் வலிப் பிரிவிலிருந்தும் கடிதம் வந்தது. அங்கேயும் போய்ப் பார்த்தோம். கதிரை கிறீச்சிட்டது, கோப்பி இயந்திரம் பழுது. நடுத்தர வயதுத் தாதி ஒருவர் என் கொப்பியை மெல்ல ஒதுக்கிவைத்துவிட்டு, முதலில் தன் கேள்விகள் என்றார். இரத்த அழுத்தம், ஈரல், நித்திரை என்று ஒரு மணித்தியாலம் கேட்டார். கடைசியாக, மற்றவர்களுக்குக் கேட்காத குரல்கள் எப்போதாவது உங்களுக்குக் கேட்டதுண்டா என்றார். என் நோர்வேஜிய மொழி சமையலறைக்குத்தான் போதும் என்பதால் கணவர்தான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்க முதலே அவர் "இல்லை" என்றார். நானும் தலையாட்டினேன்.

அது பொய் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், மகள் பிறந்த கையோடு எனக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. குழந்தையைத் தூக்காதே என்று சொல்லும் குரல்கள். இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். சனத்துக்கு இரத்தக் குறைவு என்று சொல்லிச் சமாளித்தோம். பக்கத்து நகரமான திராமனில் ஒருவர் தும்மினால் ஒஸ்லோவில் சுகம் விசாரிக்கிற சமூகம் எங்களுடையது.

தாதி என் முகத்தில் என்ன கண்டாரோ, அடுத்த முறை கணவர் வெளியே இருக்கட்டும், உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக் கதைப்போம் என்றார்.

திரும்பி வரும்போது ரயிலில் கணவர் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "இஞ்சாரும், நாங்கள் மற்ற இடத்துக்கே போவம். இவையள் கூப்பிடுற ஆளும் எங்கடை சனம்தானே. பிறகு கோயில்லை நிமிர்ந்து நிக்கேலாது" என்றார். ஓம் என்றேன். எனக்கும் அதே பயம்தான்.

ஆனால் என் விடுப்புப் புத்தி சும்மா இருக்கவில்லை. தேவையில்லாத கேள்வி என்றால் தாதி ஏன் கேட்டார்? தேவையான கேள்வி என்றால் முதல் கிளினிக்கில் ஏன் கேட்கவில்லை? மூன்று நாள் அதையே யோசித்தேன். பிறகு நானே வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்து, தெரிந்த சொற்களை ஒட்டவைத்து, எனக்கு வேறு ஊர் மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும் என்று கேட்டேன்.

கணவரிடம் சொல்லாமல் தனியாகத்தான் போனேன். தாதி மேசை நடுவில் தொலைபேசியை வைத்தார். "வணக்கம் மேடம், சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல். இந்தியத் தமிழ்! கடைகளில் அதைக் கேட்டால் எங்களுக்குள் கண்ணைக் காட்டிச் சிரிப்பது வழக்கம். அன்றோ, அதைப்போல இனிமையான தமிழை நான் கேட்டதேயில்லை என்று தோன்றியது. அவருக்கு என் ஊரும் தெரியாது, சொந்தமும் தெரியாது, கோயிலும் தெரியாது. "மெதுவா சொல்லுங்க, நான் கேட்டுட்டுதான் இருக்கேன்" என்றார். பத்து வருடம் பூட்டி வைத்திருந்ததை அழுதழுது சொல்லி முடித்தேன். என் சொல் ஒன்றையும் அவர் விடவில்லை.

வைத்தியர் வந்தார். இந்த மருந்து அந்தக் குரல்களைத் திரும்பக் கொண்டுவரக்கூடும், ஆகவே உங்களுக்குத் தரமாட்டோம் என்றார். நான் 'இல்லை' என்றே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். உங்களை நம்பித் தந்திருப்போம் என்றார். அந்த 'இல்லை'யை நாங்கள் ஏற்கனவே சொல்லிவிட்டோம் என்பது நினைவு வந்தது. பாடசாலை விட்டு வந்து கதவைத் தட்டப்போகும் மகள்தான் கண்ணுக்குள் நின்றாள்.

வேறு மாத்திரை, கைப்பயிற்சி, ஒரு மனநல ஆலோசகர் என்று வைத்தியம் வேறு வழியில் போனது. வலி முற்றாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். வீட்டில் எல்லாவற்றையும் சொன்னபோது கணவர், "பிழை என்னிலைதான்" என்றார். என்னிலும்தான் என்றேன். அந்தக் கோடையில் ஒருநாள் மகள் சீப்பைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்தாள். பின்னல் கோணலாகத்தான் வந்தது. அப்படியே பாடசாலைக்குப் போனாள்.

அந்தக் குரலுக்குரிய பெண் யாரென்று அறிய இன்றும் எனக்கு விடுப்புத்தான், ஆனால் தேடிப் போகவில்லை. நல்ல கிளினிக்கைக் கண்டுபிடிக்கப் பதினேழு கேள்விகள் எழுதிக்கொண்டு போன என்னை, நான் பயந்து ஒளிந்த அந்த ஒரு கேள்விதான் என் பிள்ளைக்குத் தாயாக வீடு திரும்ப வைத்தது.