வெறும் வயிற்றில் கொடுத்த மாத்திரை

முருகனை நம்பும் அன்பர்களுக்கு, இளம்பிள்ளையில் தறி நெய்யும் பழனியப்பன் சொல்வது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் முருகன் எனக்குச் செய்ததை மறைக்க முடியாது.

உலகச் சண்டை தொடங்கிய வருஷம், ஆவணி மாதம். நான்கு கல்யாணச் சேலைகளை முடித்துக் கொடுக்க வேண்டும். என் மனைவி நல்லம்மாளுக்கு இடுப்புவலி. தறியில் உட்கார முடியவில்லை. கடையில் வலி மாத்திரை வாங்கினேன்.

"சோறு தின்னுட்டுப் போடச் சொல்லுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு போதும், அதும் நாலு நாளைக்குத்தான்" என்றார் கடைக்காரர்.

அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலை நிற்கும். விடிந்ததும் வெறும் வயிற்றில் இரண்டு. வலி வரும்போதெல்லாம் இன்னும் இரண்டு. ஒரு மாதம் கொடுத்தேன்.

"வயிறு எரியுதுங்க. கருப்பா வெளிய போவுது" என்றாள்.

"மொதல்ல சேலைய முடி" என்றேன்.

நான்காவது சேலையில் உட்கார்ந்திருந்தபோது ரத்தமாக வாந்தி எடுத்தாள். சேலையில் படாமல் அவளை வெளியே இழுத்துப் போட்டேன். அவள் முகத்தை அதன்பிறகுதான் பார்த்தேன்.

வண்டி கட்டிச் சேலத்தில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனேன். வழியெல்லாம் முருகனை வேண்டினேன். அவள் பிழைக்க வேண்டும் என்றல்ல. மாத்திரையைப் பற்றி அவள் வாயைத் திறக்கக் கூடாது என்று.

"ஏதாவது மருந்து சாப்பிட்டியாம்மா?" என்றார் டாக்டர்.

அவள் என்னைப் பார்த்தாள். "இல்லீங்க" என்றாள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் மறுநாளும் ரத்தம் நிற்கவில்லை. டாக்டருக்குக் காரணம் புரியவில்லை. அன்று மத்தியானம், முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மாத்திரையை எடுத்தாள். நான் கொடுத்ததில் மீந்ததை ஒளித்து வைத்து, இடுப்புவலிக்கு இங்கேயும் விழுங்கியிருக்கிறாள், பாவி மகள்.

பிடுங்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் காலில் விழுந்து, கடைக்காரர் சொன்னது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

"இது வயித்தப் புண்ணாக்கிருச்சு. இன்னும் ஒண்ணு போயிருந்தா அவ்வளவுதான்" என்றார்.

அப்போதுதான் முருகனிடம் அவள் உயிரைக் கேட்டு அழுதேன். ஐந்தாம் நாள் ரத்தம் நின்றது. கஞ்சி குடித்தாள்.

"சோறு தின்னுட்டுப் போடோணும்னு உங்களுக்கு அப்பவே தெரியுமாங்க?"

"தெரியும்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது அவளைத் தறியில் உட்காரச் சொல்வதில்லை. அவள் சாப்பிட்ட பிறகுதான் நான் சாப்பிடுகிறேன். வலி என்று யார் மாத்திரை வாங்கினாலும் கடைக்காரர் சொன்னதை முழுதாகச் சொல்லி அனுப்புகிறேன்.

அன்பர்களே, முருகனை நம்பிக் கேளுங்கள். மறைத்ததைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். உயிரைக் கேட்டேன், கொடுத்தான். மன்னிப்பை அவனிடம் கேட்கவில்லை. அது நல்லம்மாளிடம் இருக்கிறது.