ஆனைக்கல் முதுகு காட்டிய மதியம்

ஐப்பசி மழையில் ஊறி அழுகும் வாழைமரத்துக்கு ஒரு வாடை உண்டு. புளித்த மோரையும் ஈரச்சாக்கையும் கலந்து மூக்கடியில் பிடித்த மாதிரி இருக்கும். எழுபதுகளில் முல்லையாற்றங்கரையில் வளர்ந்த எனக்கு மழைக்காலம் என்றாலே அந்த வாடைதான். தார் வெட்டி முடித்த மரங்களைச் சாய்த்து, ஆற்றோரம் இழுத்துப் போட்டுவிட்டு, "வெள்ளம் வந்தா ஆறு கொண்டு போயிரும்" என்று கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவது எங்கள் பக்கத்துச் சம்சாரிகளின் வழக்கம். ஆறு அதை எங்கே கொண்டு போகும் என்று யாரும் கேட்டதில்லை.

அப்பா இலவம் பஞ்சு வியாபாரி. கோடையில் மலையடிவாரத் தோப்புகளில் வாங்கும் பஞ்சை, பாலத்துக்குக் கீழ்ப்புறம் ஆற்றை ஒட்டியிருந்த எங்கள் "கிட்டங்கி"யில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்து, தை மாதக் கல்யாண மெத்தைகளுக்கு விற்பார். அந்த வருஷம் அம்மாவின் சங்கிலியும் வளையலும்கூட அடகுக்கடை வழியாக அங்கே பஞ்சாக மாறிப் படுத்திருந்தன. பஞ்சு நனைந்தால் கட்டி தட்டிப்போகும். அப்புறம் அதை எந்தப் பெண் வீட்டாரும் தொடமாட்டார்கள்.

எங்கள் ஊரின் வெள்ள எச்சரிக்கை ஆபீஸ் ஒரு பாறை. கிட்டங்கிக்கு எதிரே, நடு ஆற்றில் கிடந்த அதற்கு "ஆனைக்கல்" என்று பெயர். ஆனை முங்கினால் சாமான்களைப் பரணில் ஏற்ற வேண்டும். முதுகு தெரிந்தால் இறக்கி வைக்கலாம். பெரியவர்களின் கணக்கு அவ்வளவுதான், அது பெரும்பாலும் பலித்தும் வந்தது.

இந்தக் கணக்கில் மண்ணைப் போட்டவர் எங்கள் பூகோள வாத்தியார். வெகு வடக்கே, குளிர்காலத்தில் ஆறே உறைந்துபோகும் தேசத்தில் ஒரு நகரம் இருக்கிறதென்றும், வெயில் வந்ததும் பனி பாளம் பாளமாக உடைந்து மிதந்து வந்து பாலத்தில் சிக்கிக்கொள்ளும் என்றும், அந்த ஊர்க்காரர்கள் மழையைவிட, பனி எவ்வளவு தடிமன், எந்த வளைவில் போய் அடைக்கும் என்பதைத்தான் வருஷா வருஷம் கணக்குப் போட்டுப் பயப்படுவார்கள் என்றும் சொன்னார். நான் பார்த்திருந்த ஒரே பனிக்கட்டி சைக்கிள் பெட்டியில் வரும் சேமியா ஐஸ். பாளம் பாளமாகச் சேமியா ஐஸ் சிக்கி நிற்பதை நினைத்து எச்சில் விழுங்கிக்கொண்டிருந்ததில் பாடத்தின் நடுப்பகுதி காதில் ஏறவில்லை. கடைசி வரி மட்டும் ஏறியது: அடைப்பு பிய்த்துக்கொண்டால் கீழே இருக்கிற எதுவும் மிஞ்சாது.

அந்த வாரம் மழை விடவே இல்லை. ஆனைக்கல் முங்கியது, அப்பா முகம் சுருங்கியது. பிறகு ஒரு மதியம், மழை அப்படியே கொட்டிக்கொண்டிருக்க, ஆனை மெதுவாக முதுகைக் காட்டியது. டீக்கடையில் ஒருவர் கண்ணாடி கிளாசை வைத்துவிட்டு, "முதுகு தெரியுதுப்பா. இனி போயித் தூங்கலாம்" என்றார். ஊரே ஒப்புக்கொண்டது. எனக்கு மட்டும் கணக்கு உதைத்தது. வானம் ஊற்றுகிறது, ஆறு வடிகிறதென்றால் தண்ணீர் எங்கே நிற்கிறது?

பாலத்துக்கு ஓடினேன். பாலத்தின் கண்கள் எல்லாவற்றிலும் வாழைமரங்கள் குறுக்கும் நெடுக்குமாகச் செருகி, அவற்றின் மேல் முள்ளும் செத்தையும் ஏறி, மேல்புறம் ஆறு குளம் மாதிரி நிறைந்து நின்றது. ஒரு பக்கச் செருப்பு எங்கே கழன்றதென்று இன்றுவரை தெரியாது. கிட்டங்கிக்கு வந்து நின்றபோது நான் அழுதுகொண்டிருந்ததாகச் சுமை தூக்கும் வீரணண்ணன் பிற்காலத்தில் பலரிடம் சொன்னார். மழைத்தண்ணீர் என்பது என் தரப்பு.

"ஏலே, என்னத்துக்கு இப்படி இளைக்கிற?" என்றார் அப்பா.

"ஆறு வடியலப்பா. பாலத்துல அடைச்சு நிக்கிது. பிச்சுக்கிட்டு வந்தா கிட்டங்கியே இருக்காது."

"ஆனை முதுகு தெரியுதுங்கிறாக, இவன் என்னமோ சொல்றான்" என்று சிரித்தார் வீரணண்ணன். அப்பா சிரிக்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு பாலத்துக்கு நடந்து போனவர் குடையை மடக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வண்டியப் பூட்டுங்கப்பா. எங்கன கொண்டு போறது?"

நான் தயாராக இருந்தேன். பாலம் பிய்த்துக்கொண்டால் தண்ணீர் கீழே போகும். ஆகவே பாலத்துக்கு மேல்புறம் இருக்கிற அத்தை வீடுதான் பத்திரம். பதற்றத்தில் அப்பாவுக்கும் அது பெரிய மூளையாகத் தெரிந்தது.

மாட்டுவண்டிகளில் படுதா போட்டு மூட்டைகள் போயின. அத்தை வாசலில் நின்று, "ஏன்டா தம்பி, வீடு பூரா பஞ்ச அடைச்சிட்டா நான் எங்கன படுக்க?" என்றாள். "பஞ்சு மேலயே படு அக்கா, ராணி மாதிரி" என்றார் அப்பா.

பாடத்தின் நடுப்பகுதி சாயங்காலம் அத்தை வீட்டு வாசற்படி ஏறி வந்தது. அடைபட்ட ஆறு, உடைவதற்கு முன்னால் மேல்புறம்தானே பரவும்? சத்தமே இல்லாமல் விருந்தாளி மாதிரி கூடத்துக்குள் நுழைந்த தண்ணீர் முழங்கால் வரை நின்றது. இலவம் பஞ்சு லேசில் முங்காது. மூட்டைகள் எழும்பி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தன. நெல்குதிர் மேடையில் ஏறி நின்ற அத்தை, "எங்கன வராதுன்னு சொன்னானோ அங்கனயே வந்திருக்கு. இவன எந்தப் பள்ளிக்கூடத்துலடா படிக்க வைக்கிற?" என்று கேட்டாள். அப்பா ஒரு மூட்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் இன்னொரு மூட்டைக்குப் பின்னால் போய்விட்டேன்.

இருட்டும் நேரத்தில் பாலத்துப் பக்கம் மரம் முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கூடத்துத் தண்ணீர் வடிந்தது. கீழே, கிட்டங்கியின் ஆற்றுப்பக்கச் சுவர் அதற்குள் இல்லாமல் போயிருந்தது.

மூட்டைகளின் அடிப்பாதி கட்டி தட்டியது, மேல்பாதி தப்பித்தது. சங்கிலி திரும்பி வந்தது, வளையல் வரவில்லை. பையன் இல்லாவிட்டால் மொத்தப் பஞ்சும் வைகை அணைக்குப் போயிருக்கும் என்பது அப்பாவின் கட்சி. அவன் வாயை மூடிக்கொண்டு, மூட்டைகளை எதிர்த்திசையில் கோயில் மேட்டுக்கு ஏற்றியிருந்தால் ஒரு மூட்டைகூட நனைந்திருக்காது, தன் வீட்டுக் கூடமும் சேறாகியிருக்காது என்பது அத்தையின் கட்சி. தீபாவளி, காதுகுத்து, கல்யாணம் என்று எங்கே கூடினாலும் இலை போட்டதும் இந்த வழக்கு எடுக்கப்படும். பாயசம் வரும்வரை நடக்கும். குற்றவாளிக்குப் பேச அனுமதி கிடையாது.

இப்போது அங்கே உயரமான தூண்களோடு வேறு பாலம் நிற்கிறது. எந்த மரமும் சிக்காது. ஆனைக்கல்லை உடைத்துவிட்டார்கள். மழை வந்தால் ஜனங்கள் ஆற்றைப் பார்ப்பதில்லை, செல்போனைப் பார்க்கிறார்கள். இலவம் பஞ்சு மெத்தை கேட்டு யாரும் வருவதில்லை. முதலில் அப்பாவும், பிறகு அத்தையும் போய்ச் சேர்ந்தார்கள். வாதிட ஆள் இல்லாததால் தீர்ப்பை நானே எனக்குச் சாதகமாக எழுதிக்கொண்டேன். ஆனால் போன தீபாவளிக்கு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்து, இலை போட்டு, பாயசமும் வந்துவிட்டது. யாருமே என்னைத் திட்டவில்லை.